மண் துகளை அளந்தறிதல்



கிளாவரையின் சரிவுகளில் பாத்தி கட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடியானவர், பெருமழைக்குப்பின் ஓடை கலங்கி ஓடுவதைக் காண்பர். அந்நீருடன் செல்வது மண்ணின் எப்பகுதி? இதை அறியப் பாறை ஆராய்வோர் கையாளும் முறை ஒன்று உதவும். படிவுப் பாறைகளின் துகளை அளந்து கோட்டுப்படமாக வரைவதே அம்முறை.

பழனி மலையின் பாறை படிவுப் பாறையன்று. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தால் உருவான சார்னோக்கைட் என்னும் கல்லாகும். அது சிதைந்து மண்ணாகிறது. மண்ணை நீர் அடித்துச் சென்று தாழ்விடங்களில் படியவைக்கிறது. அவ்விதம் படிந்த மணல் நெடுங்காலத்தில் இறுகி மணற்கல்லாகும். கடலூர் மணற்கல் இவ்வகையது. அதன் துகள்களுக்கிடையே நீர் தங்குவதாலேயே நெய்வேலிப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுந்துள்ளது.

1922-ஆம் ஆண்டில் வென்ட்வொர்த் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தபடி, 2 மில்லிமீட்டர் முதல் 1/16 மில்லிமீட்டர் வரையுள்ள துகள் மணல். அதனினும் நுண்ணியது 1/256 வரை வண்டல். அதற்கும் நுண்ணியது களி.

அளக்கும் விதமாவது: உலர்ந்த மண்ணில் பெருங்கற்களை நீக்கி 100 கிராம் நிறுத்தெடுத்து, நீரில் ஊறவைத்து, 1/16 மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசுக. வண்டலும் களியும் நீரோடு போய்விடும். எஞ்சிய மணலை உலர்த்தி, 1, 1/2, 1/4, 1/8, 1/16 எனக் கண் குறையும் சல்லடைகளை மேலிருந்து கீழாக அடுக்கிச் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கியதை நிறுக்க வேண்டும். முதற்சல்லடையில் 10 கிராம் தங்கினால் கடந்தது 90; அடுத்ததில் 15 தங்கினால் கடந்தது 75. கட்டமிட்ட காகிதத்தில் சல்லடை அளவுகளைக் கிடையாகச் சம தூரத்திலும், கடந்த அளவை நிலையாகவும் குறித்துப் புள்ளிகளை இணைக்க வேண்டும். கோடு செங்குத்தாயின் துகள்கள் ஏறக்குறைய ஒரே பருமன். சாய்வாயின் பருமன் பலவாகக் கலந்தது.

ஆண்டுதோறும் ஒரே பாத்தியில், ஒரே ஆழத்தில் மண்ணெடுத்து வரைந்த கோடுகளை ஒப்பிடுக. நுண்துகள் முனையில் கோடு ஆண்டுக்காண்டு தாழ்ந்துவருமாயின், வண்டலும் களியும் அரிக்கப்பட்டுப் போகின்றன என்று அறியலாம். ஈரத்தையும் எருவின் சத்தையும் பிடித்துவைப்பவை பெரும்பாலும் இவையே. இவை போயின், கடன்பட்டு வாங்கியிட்ட உரமும் நில்லாது. அத்தகைய பாத்திக்குக் கரை உயர்த்துதலும், சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்தலும் முதல் வேலையாகும்.

சல்லடைத் தொகுதியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டுவதில்லை. சங்கம் ஒன்று வாங்கி வைத்து, கோட்டுப்படங்களையும் கணக்குப் புத்தகம்போல் பேணிவருமாயின், வரவு செலவுக் கணக்கில் வாராத நஷ்டமும் அங்கத்தினர் கண்ணுக்குப் புலனாகும்.