மைதானம் கேட்ட பிள்ளைகள்

 

அஸர் முடிந்து டீக்கடைப் பக்கம் போனால், நம் பிள்ளைகள் பேசுவது பார்சிலோனாவின் இளையோர் அணியைப் பற்றித்தான். 2014, 2018, 2025 என மூன்று முறை ஐரோப்பிய இளையோர் கோப்பையை வென்ற அணி. அவர்களில் யார் பெரிய அணிக்குப் போவார் என்ற வாக்குவாதம் மஃரிப் பாங்கு சொன்ன பிறகும் ஓய்வதில்லை!

நாமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தக் கிளப்பின் ‘லா மாசியா’ 1702-இல் கட்டிய பண்ணை வீடு. 1979 முதல் 2011 வரை அது வெளியூர்ப் பிள்ளைகளின் விடுதியாக இருந்தது. அந்தக் கிளப்பில் பயிற்சியோடு பள்ளிப் படிப்பும் உண்டு. சேர்கிறவர்களில் பெரும்பாலோர் பெரிய அணியை எட்டுவதில்லையே! ஏழு வயதில் சேர்ந்த லாமின் யமால், 2024 யூரோ போட்டிக்கு வீட்டுப்பாடத்தையும் கொண்டுபோனார். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் அவருக்கு 17 வயது நிறைந்தது.

மைதானத்துக்கு உதவி கேட்டு வந்த நம் பிள்ளைகளை இரண்டு முறை திருப்பி அனுப்பினோம். “பந்து சோறு போடுமா?” என்று கேட்டவர்களும் நாம்தான். அது தவறு. அவர்களில் இருவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு சபர் போய்விட்டார்கள்.

வரும் ஷவ்வால் முதல் அஸருக்குப் பின் ஆட்டம், மஃரிபுக்குப் பின் மதரஸா கூடத்தில் பள்ளிப்பாடம். பந்து, வலைச் செலவு டிரஸ்டுடையது. ஜகாத் பணமல்ல, பொது நிதி. பாடத்துக்கு வராதவருக்கு அணியில் இடமில்லை. பெயர் கொடுக்கத் தகப்பனார் வரவேண்டும். அவர் சபரில் இருந்தால் தாயார் வரலாம்.