நோயாளிக்குத் துணை இருப்பவர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் அழைத்தார். கடலூர் சிப்காட்டில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவனிடம் வேறு என்ன கேட்பார்? நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஆலையில் ஷிப்ட் முடிந்து போகிறவர் லாக் புத்தகத்தில் எழுதி, வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். ஆபத்து என்று பட்டால் எமர்ஜென்சி பொத்தானை அழுத்தும் உரிமை கடைசி ஹெல்பருக்கும் உண்டு. "நீ யார் அழுத்த?" என்று மேனேஜர்கூடக் கேட்கக் கூடாது. இந்த உரிமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும், கூட இருப்பவருக்கும் வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். சில வாரம் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கலாம். பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அந்தப் பெற்றோரிடம் இதை யாரும் சொல்லவில்லை. நாலரை மாதம் கழித்து வேறொரு டாக்டர் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. தகப்பனார் குழந்தையை அமெரிக்கா வரை கொண்டுபோய்ப் பார்த்தார், பார்வை வரவில்லை. வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் அதோடு விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1-ஆம் தேதி ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பு வந்தது. அதற்குள் அந்தக் குழந்தைக்கு 18 வயது முடிந்திருந்தது. தொகையைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. என் மனத்தில் நிற்பது, "இந்தத் தேதிக்குள் கண்ணைக் காட்டுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆகியிருக்கும் அரை நிமிஷம்.

இப்படி வழக்குப் போடலாம் என்பதே பாடுபட்டுப் பெற்ற ஒன்று. 1994-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம், டாக்டர் பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று சொல்லிவிட்டது. 1995 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம்தான், கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் அந்தச் சட்டத்தின்படி 'சேவை'யே என்று தீர்த்து வைத்தது. இன்னொன்று, படித்தவர்களுக்கே தெரிவதில்லை. நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் வருஷ விதி சொல்கிறது. ஆனால் கோர்ட்டெல்லாம் கெட்ட பிறகு போகும் இடம். கெடுவதற்கு முன் என்ன செய்வது?

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் அம்மாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெயர் வேண்டாம். முப்பது கட்டிலுக்கு இரண்டே நர்ஸ். ராத்திரி ஷிப்டுக்கு வந்தவர் இன்சுலின் ஊசியோடு வந்து நின்றார். "சிஸ்டர், ஏழரைக்கே போட்டாச்சே" என்றாள் எங்கள் அக்கா. "சார்ட்ல இல்லையேம்மா." அக்கா பத்தாவதோடு நின்றவள். தலைமாட்டிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். எந்த ஊசி, எத்தனை மணிக்கு, யார் போட்டது, எல்லாம் அதில் இருந்தது. நர்ஸ் போன் போட்டுக் கேட்டார். போட்டது நிஜம், முந்தைய ஷிப்டில் எழுத விட்டுப் போயிருக்கிறது. இரண்டாவது ஊசி ஏறியிருந்தால் அம்மாவுக்குத் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கியிருக்கும். அந்த நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லவேளை சொன்னீங்க" என்று போனார்.

சிதம்பரத்தில் படித்த நமக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை ஜனங்கள் ராஜா முத்தையா மருத்துவமனைக்கு வந்தார்கள். 2021-ல் அது அரசு மருத்துவக் கல்லூரி ஆன பிறகும் வருகிறார்கள். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியும், டிரிப் எப்போது நின்றது, மூச்சு எப்போதிலிருந்து வேகமாக வாங்குகிறது என்று. கேட்டால் "டாக்டரய்யா கோவிச்சுக்குவாரு" என்பார்.

இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண், ரத்தத்தில் நச்சு பரவி இறந்தாள். பெற்றோர் முன்பே பயந்து சொல்லியும் எடுபடவில்லை. அவர்கள் விடாமல் எழுதிப் போராடியதில், 2024 முதல் அந்நாட்டு மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வந்தது. நோயாளி மோசமாகிறார் என்று வீட்டார் நினைத்தால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும்படி அவர்களே நேரடியாகக் கேட்கலாம். எங்கள் ஆலையின் பொத்தான் மாதிரிதான்.

கேட்பது வேறு, கை நீட்டுவது வேறு. 2024 நவம்பரில் கிண்டி மருத்துவமனையில், ஒரு நோயாளியின் மகன் புற்றுநோய் டாக்டரைப் பணியிலேயே கத்தியால் குத்தினான். அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

என் யோசனை சின்னது. அக்காவுடைய நோட்டு மாதிரி ஒன்றை நம் சங்கம் அச்சடித்து வார்டில் துணை இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டில் சாப்பிடும் மாத்திரை என்ன, அடுத்து என்ன சோதனை, எந்தத் தேதிக்குள் என்று எழுத முதல் பக்கத்தில் இடம் விடலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவத் தம்பிகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் எழுதித் தரலாம். மேல வீதி அச்சகம் ஒன்றில் ஆயிரம் பிரதிக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். வாசகத்தைத் திருத்தித் தர டாக்டர் நண்பர்கள் யாராவது முன்வந்தால் பொங்கலுக்குள் முடிக்கலாம். சாப்பாடு முடிந்ததும் பந்தல் வாசலில் நிற்கிறேன், வந்து பேசுங்கள்.