திரை இருண்ட வீடுகளும் நம் கடமையும்



நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. அந்நாளில் தோட்டத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருப்பின், மாலையில் லயமே அவ்வீட்டு வாசலில் கூடிவிடும். பகலெல்லாம் வெட்டுக்காட்டில் உழைத்தவர்க்கு உலகச் செய்தியைத் தமிழில் கொணர்ந்து தந்தவை வானொலியும் தொலைக்காட்சியுமே.

அப்பழைய ஒளிபரப்பு முறை 2019ஆம் ஆண்டு முடிவுற்றது. ஜூலை 21ஆம் நாள் லங்காவியில் முதலாவதாக நிறுத்தப்பட்டது; அக்டோபர் 14ஆம் நாள் தீபகற்பம் முழுவதும், அக்டோபர் 31ஆம் நாள் சபா, சரவாக்கிலும் நின்றது. அதன் இடத்தை இலக்கவியல் ஒளிபரப்பு ஏற்றது. படம் தெளிவானது, அலைவரிசைகள் பெருகின, மிச்சமான அலைக்கற்றையைக் கைத்தொலைபேசி இணையச் சேவைக்குப் பயன்படுத்தவும் வழி பிறந்தது. இம்மாற்றம் நாட்டுக்குத் தேவையானதே.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இணைய வசதியால் மிகுந்த நன்மை அடைவோர் இளையோர். திரை திடீரென இருண்டு தவித்தோரோ பழைய பெட்டியை மட்டுமே நம்பியிருந்த முதியோரும் வறியோரும் ஆவர். பயன் ஒருவருக்கு, சுமை மற்றொருவருக்கு என்றாகிவிடுதல் முறையன்று.

இதனை உணர்ந்தே, ‘பந்துவான் சாரா ஹிடுப்’ உதவி பெற்ற குடும்பங்களுக்கு டிகோடர் பெட்டி இலவசமாக வழங்கப்பட்டது. பெட்டி வந்தது, ஆனால் எல்லா வீட்டிலும் படம் வந்ததா?

நாமறிந்த மூதாட்டி ஒருவர், நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர், பிள்ளைகள் பட்டணத்தில். தமக்குக் கிடைத்த டிகோடரைப் பிரிக்காமலே சாமி படத்தின் கீழ் வைத்திருந்தார். “சர்க்கார் கொடுத்த பொருளாயிற்றே, பழுதாகிவிடக் கூடாதே” என்பது அவர் மறுமொழி. தொலைக்காட்சியோ பல மாதம் துணி போர்த்தியே கிடந்தது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் வந்து அரைமணி நேரத்தில் அதனைப் பொருத்தினார். அன்று மாலை தமிழ்ச் செய்தி வாசிக்கக் கேட்டபோது அம்மூதாட்டியின் முகம் மலர்ந்ததை நாம் கண்டோம்.

எனவே, நாம் அறிந்துகொள்ள வேண்டியவை சில. பழைய தொலைக்காட்சியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டிகோடரை மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளால் அதனோடு இணைக்கலாம். டிவிபி-டி2 வசதி உள்ள புதிய தொலைக்காட்சிக்கு டிகோடரே தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் யு.எச்.எப். ஏரியல் வேண்டும். பழைய முறையில் அலை குன்றினால் திரையில் புள்ளி விழும். படம் மங்கலாகவேனும் தெரியும். இலக்கவியலில் அவ்வாறன்று, அலை போதாவிடில் படம் துண்டுதுண்டாக உடைந்து, பின் அறவே மறையும். ஆகவே, குன்றின் மறைவிலுள்ள லயங்களில் ஏரியலைச் சற்று உயர்த்தியும் திருப்பியும் வைத்து, அலைவரிசைகளை மீண்டும் தேடிப் பார்த்தல் வேண்டும். இதனை அறியாத முதியோர் பெட்டி கெட்டுவிட்டதென எண்ணிப் புதியது வாங்குகின்றனர்; அல்லது மாதக் கட்டணச் சேவைக்குக் கையெழுத்திட்டுவிடுகின்றனர். தரைவழி இலக்கவியல் ஒளிபரப்பைக் காண மாதக் கட்டணம் ஏதுமில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.

ரிமோட் இரண்டாகிவிட்டதும் முதியோருக்கு ஒரு தொல்லையே. எதை முதலில் அழுத்துவது என அவர்கள் மயங்குகின்றனர். தொலைக்காட்சிக்குரியதில் சிவப்பு நூலும் டிகோடருக்குரியதில் மஞ்சள் நூலும் கட்டிக் கொடுத்தால் எளிதில் விளங்கும். ஒருமுறை காட்டிவிட்டு ஓடிவிடாமல், அவர்களே மும்முறை செய்து பார்க்கும்வரை பொறுத்திருத்தல் நன்று.

இளைஞர்களே! உங்கள் லயத்திலும் திரை இருண்ட வீடு ஒன்று இருக்கக்கூடும். வெட்டு முடிந்து வந்தபின் ஒரு நாழிகை ஒதுக்குங்கள். தனித்து வாழும் பாட்டியின் கதவைத் தட்டி, “தொலைக்காட்சி ஓடுகிறதா, பாட்டி?” என்று கேளுங்கள். அரசு பொருளைத் தரலாம். அதனைப் பயன்படச் செய்யும் கை அண்டை வீட்டாருடையதே. நம்மை வளர்த்து ஆளாக்கிய தலைமுறை செய்தியறியாமல் இருளில் அமர்ந்திருக்க விடலாகாது.