முடி முளைக்கும் விதம்



சம்பள நாளன்று ஒருவர் புட்டியை நீட்டுகிறார். "மூல அணுத் தைலம், வழுக்கையிலும் முடி முளைக்கும்" என்கிறார். இதை நம்பலாமா?

ஒவ்வொரு முடிக்கும் தோலுக்குள் ஒரு குழி உண்டு. குழியின் பக்கத்தில் மூல அணுக்கள் தங்கியிருக்கின்றன. அடியிலுள்ள அணுக்கள் அவற்றைத் தூண்டிவிட்டால் புதுமுடி முளைக்கும். இந்த அடியணுக்களை எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தால் அவை பெருகும். ஆனால் தூண்டும் ஆற்றலை இழந்துவிடும்.

2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். இலை நுனியில் தொங்கும் பனித்துளிபோல, தொங்கும் துளிகளில் அந்த அணுக்களை வளர்த்தனர். அவை உருண்டையாகத் திரண்டு, இழந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டன. எலியின் முதுகில் ஒட்டிய மனிதத் தோலுக்குள் அவற்றை வைத்தனர். 7 பேர் அளித்த அணுக்களில் 5 பேருடையவை முடியை முளைக்கச் செய்தன.

பெரிய வெற்றிதான். ஆயினும் மனிதர் தலைக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. துளியில் அணுவை வளர்ப்பதே இத்தனை பாடு என்றால், அது புட்டித் தைலத்தில் எப்படி வரும்? பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள். பிள்ளைகளுக்குத் திட்டுத்திட்டாக முடி கொட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.