மழையை நாமே அளப்போம்

(சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



தலைவர் என்னைப் பேசச் சொன்னபோது, சம்பளத்தைப் பற்றியும் காணி உரிமையைப் பற்றியும் மற்றவர்கள் பேசுவார்கள், நீங்கள் மழையைப் பற்றிப் பேசுங்கள் என்றார். மழையைப் பற்றிப் பேசினால் அது காணியில்தான் போய் முடியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தப் போத்தலைப் பாருங்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல். மேல் பக்கத்தை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் மாதிரி வைத்திருக்கிறோம். பக்கத்தில் அடிமட்டம் ஒட்டியிருக்கிறது. மூன்று கோடுகள் இருக்கின்றன: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. பிள்ளைகள் நகப்பூச்சால் போட்ட கோடுகள். எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்துக்காகச் செய்தோம். பாடம் முடிந்த பிறகும் அளப்பதை அவர்கள் நிறுத்தவில்லை. ஒரு போத்தல் பாடசாலையில் இருக்கிறது. இன்னொன்று மேல் லயத்தில், ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் தோட்டத்தில் கம்பில் கட்டியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு எழுத்து வராது, இலக்கம் வரும். ஒவ்வொரு நாள் காலையிலும் சாமிப்படக் கலண்டரில், அந்தத் திகதிக்குக் கீழே, பென்சிலால் மழையை எழுதி வைப்பார். நாற்பது வருடம் கொழுந்து நிறுத்தவர்களின் கணக்கைச் சரிபார்த்த கண், மில்லிமீற்றர் கோட்டில் பிழை விடாது.

2025 நவம்பர் மாதக் கடைசியில் டித்வா புயல் வந்ததே, அந்த நாளுக்கு வருகிறேன். நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து லயங்களும் வீடுகளும் புதைந்தன. நீங்கள் எல்லோரும் பட்டது, நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலையில் போத்தலைக் கொட்டிவிட்டு வைத்தார்கள். மதியத்துக்குள் மஞ்சள் கோடு போய்விட்டது. பின்னேரம் செம்மஞ்சள் கோடு. கரண்ட் இல்லை, தொலைபேசி எடுபடவில்லை, ரோட்டில் மண் விழுந்து வாகனம் இல்லை. இருட்டுகிற நேரம் ஒரு பையன் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். "டீச்சர், செவப்புக் கோட்டுக்கு வந்திருச்சு. அப்பாயி ஒங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

நாங்கள் முன்பே பேசி வைத்தது ஒன்றுதான். சிவப்புக் கோட்டுக்கு வந்தால் மேல் லயத்தில் யாரும் தூங்கக் கூடாது. எல்லோரும் தட்டையான இடத்திலுள்ள பிள்ளைக் காம்பராவுக்குப் போக வேண்டும்.

சொல்வது லேசு. அன்றைக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டியபோது கேட்டதைச் சொல்கிறேன். "ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் சொல்லலியே." "கோழிய என்ன செய்றது?" "போன வருசமும் இப்படித்தான் பேஞ்சது, என்ன நடந்துச்சு?" "நாளைக்குப் பெரட்டுக்கு யாரு போறது?" நியாயமான கேள்விகள்தான். வீட்டில் இருக்கிற நாலு பாத்திரமும் ஒரு டீவியும் எத்தனை வருட உழைப்பு என்று எனக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னார்: "நான் வாதாட வரல. இந்தா போத்தல், நீங்களே பாருங்க." டோர்ச் வெளிச்சத்தில் போத்தல் கை மாறிக் கை மாறிப் போனது. கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆட்கள் அசைந்தார்கள். நடக்க முடியாத ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று இரவு லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு இறங்கியது. கடைசி மூன்று காம்பராக்களின் குசினி மண்ணால் நிரம்பியது. உள்ளே ஆட்கள் இல்லை.

கைதட்ட வேண்டாம். மற்றக் கதையையும் கேளுங்கள். நாங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். பணிய லயத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றை யாரும் பார்க்கவில்லை. நம் தலையில் விழுகிற மழையைப் போத்தல் சொல்லும், மேல் தோட்டங்களில் விழுந்து ஆறாக வருகிற மழையைச் சொல்லாது. விடியும்போது இஸ்தோப்பு வரை தண்ணீர். ஆடுகள் போயின, மரக்கறித் தோட்டம் போனது, பிள்ளைகளின் புத்தகமெல்லாம் போனது. உயிர் போகவில்லை, அது நம்முடைய கெட்டித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். இப்போது ஆற்றங்கரையில் கோடு போட்ட ஒரு மரக்கட்டை நட்டிருக்கிறோம். கடும் மழையில் மணிக்கு ஒரு தடவை தூரத்தில் இருந்தே பார்க்கலாம்.

இந்தக் கோடுகளை நாங்கள் நினைத்தபடி போடவில்லை. மண்சரிவைப் பற்றி ஆராய்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களுக்குச் சொல்லியிருக்கும் அளவுகள் இவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும். பெரியவர்களுக்கு அங்குலத்தில் சொன்னால் 3 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என்று கிட்டத்தட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

100 மில்லிமீற்றர் என்பது விரல் நீளம்தானே என்று தோன்றும். 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்றின் அளவு நிலத்தில் அந்த மழை விழுந்தால் 1,100 லீற்றர் தண்ணீர், ஐந்து பெரிய பீப்பாய்க்கு மேல். ஒரு ஏக்கர் தேயிலை மலையில் 4 இலட்சம் லீற்றர். இத்தனை தண்ணீரில் கானில் ஓடாதது மண்ணுக்குள் இறங்குகிறது. மண் ஊறிக் கனக்கிறது, பிடிப்பு தளர்கிறது. ஏற்கனவே மூன்று நான்கு நாள் பெய்து ஊறியிருந்தால், கோட்டுக்கு வருவதற்கு முன்பே இடம் அசையலாம். அதனால்தான் ஒரு நாள் கணக்கு மட்டும் போதாது, கலண்டரில் முந்திய நாட்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

போத்தல் சொல்லாததைக் கண் சொல்லும். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென்று வற்றுவது அல்லது கலங்கி வருவது. இதில் ஒன்றைக் கண்டாலும் மழை எத்தனை என்று பார்க்காமல் விலகிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு மாதிரி தொலைபேசி வேலை செய்யாத இரவும் வரும். அந்த இரவுக்குத்தான் போத்தல்.

செய்வது எப்படி? நேரான பக்கமுள்ள போத்தல் எடுங்கள், இடுப்பு ஒடுங்கியது சரிவராது. வளைந்த அடிப்பாகத்தில் சிறு கல் போட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றுங்கள், அந்தக் கோடுதான் பூச்சியம். அங்கிருந்து அடிமட்டம் தொடங்க வேண்டும். கூரைக்கோ மரத்துக்கோ கீழே வைக்காதீர்கள். பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் நாளை முடித்து நாளைத் தொடங்குகிறது. எழுதிவிட்டுப் பூச்சியம் வரை கொட்டுங்கள். பெருமழையில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் மழை பெய்யவில்லையா, பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது.

இப்போது சங்க விடயத்துக்கு வருகிறேன். மழையை அளப்பது தோட்டத்துக்குப் புதிய வேலை இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே தோட்டங்களில் மழைமானி இருக்கிறது, மழைப் புத்தகம் இருக்கிறது. எப்போது உரம் போடலாம், எப்போது மருந்து அடிக்கலாம், கொழுந்து எவ்வளவு வரும் என்று பார்க்க அது தேவை. அன்றைக்குக் காலையிலும் எங்கள் ஆபீஸில் மழையை அளந்து எழுதியிருந்தார்கள். அந்த இலக்கம் லயத்துக்கு வரவில்லை. தேயிலைச் செடிக்காக அளந்த மழையை, அந்தச் செடிக்குப் பக்கத்தில் தூங்குகிற மனிதனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மீரியபெத்தையை மறந்துவிட்டோமா? கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, காலை நேரம். லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்து நின்ற இடத்தில் வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது. போக இடம் இருக்கவில்லை. நான் ஆசிரியை. காலையில் பேர் கூப்பிடும்போது சில நாட்களில் அந்தப் பிள்ளைகளின் நினைவு வரும்.

ஆகவே போத்தல் உயிரைக் காப்பாற்றும், வீட்டைக் காப்பாற்றாது. ஓர் இரவுக்கு விலகியிருக்க அது போதும். வருடம் முழுக்க அந்த மண்மேட்டுக்குக் கீழே வாழ்வதற்கு அது மருந்து இல்லை. சங்கம் கேட்க வேண்டியவற்றை நாலு விதமாகச் சொல்கிறேன்.

முதலாவது, தோட்ட ஆபீஸின் மழைக் கணக்கைப் பிரட்டுக்களத்தில் பலகையில் தினமும் எழுத வேண்டும். இதற்குக் கம்பனிக்குச் செலவு ஒரு வெண்கட்டி.

இரண்டாவது, சிவப்புக் கோட்டில் லயத்தை விட்டு விலகியவர்களின் மறுநாள் பேரை வெட்டக் கூடாது. "நாளைக்குப் பெரட்டுக்கு யாரு போறது?" என்ற கேள்விதான் அன்றைக்கு எல்லோரையும் கதவுக்குப் பின்னால் பிடித்து வைத்தது.

மூன்றாவது, ஒவ்வொரு டிவிசனிலும் எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது, எங்கே போய்த் தங்குவது என்பதைக் கிராம உத்தியோகத்தரோடும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோடும் உட்கார்ந்து மழைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, ஆபத்தான இடம் என்று அறிக்கை வந்த லயத்தாருக்குப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும், உறுதிப் பத்திரத்தோடு. "இங்கே இருக்காதே" என்று சொல்கிறவர்கள் "அங்கே போய் இரு" என்றும் சொல்ல வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நமக்கு ஆதாரம் வேண்டும். அந்த அம்மாவின் கலண்டர் ஓர் ஆதாரம். எந்தத் திகதியில் எத்தனை மில்லிமீற்றர் பெய்தது, அன்றைக்கு நம்மை மலைக்கு அனுப்பினார்களா, எச்சரித்தார்களா என்று கேட்க அது போதும்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் கோடு சிவப்புக்கு வரும், நாம் எல்லோரும் குழந்தை குட்டியோடு பிள்ளைக் காம்பராவில் விடிய விடிய விழித்திருப்போம், மலை அசையாது. காலையில் திரும்பிப் போகும்போது, டீச்சரும் அப்பாயியும் வீணாக அலைக்கழித்தார்கள் என்று திட்டுவீர்கள். திட்டுங்கள். திட்டுவதற்கு எல்லோரும் இருக்கிறீர்களே, எனக்கு அது போதும்.

கூட்டம் முடிந்து போகும்போது என் மாணவர்கள் வாசலில் வெட்டிய போத்தல்களோடு நிற்பார்கள். லயத்துக்கு ஒன்று கொண்டு போங்கள். கலண்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.