துப்பறியும் கதைக்கு ஒரு பரிசு

துப்பறியும் கதை என்றதும் முகஞ் சுளிக்கும் பெரியோர் இன்றும் பலர் உளர். மாணவன் ஒருவன் பாடப் புத்தகத்தினுள் அத்தகைய கதையொன்றை மறைத்து வைத்துப் படித்தால் அவனுக்குக் கிடைப்பது கண்டனமே. பொழுதை வீணாக்கும் எழுத்து, புத்தியைக் கெடுக்கும் எழுத்து என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், அவ்வெழுத்துக்கென்றே ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்கி, அதற்கு இலக்கிய உலகிலே மதிப்பான இடத்தைத் தேடிக் கொடுத்த நாடொன்று உண்டு. அந்நாடு யப்பான்; அப்பரிசு எடோகவா றம்போ பரிசு.

எடோகவா றம்போ என்பது ஒரு புனைபெயர். அதனை விரைவாகச் சொல்லிப் பார்ப்போர், துப்பறியும் கதைக்கு வழிவகுத்த அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போவின் பெயர் அதனுள்ளே ஒலிப்பதைக் கேட்பர். இப்பெயரைப் பூண்டவர், 1894ஆம் ஆண்டில் மியே மாகாணத்து நபாரி என்னும் ஊரிற் பிறந்த ஹிராய் தாரோ. 1923இல் வெளிவந்த அவருடைய முதற் சிறுகதை, மேனாட்டாருக்கே உரியதென எண்ணப்பட்ட இத்துறையில் யப்பானியரும் சிறப்புற எழுதவல்லர் என்பதைக் காட்டிற்று.

பின்னர் இடர் வந்தது. போரிலே கை கால்களை இழந்து வீடு திரும்பும் படைவீரன் ஒருவனைப் பற்றி அவர் 1929இல் ஒரு கதை எழுதியிருந்தார். போர்வெறி முற்றியிருந்த 1939இல், அக்கதையை நீக்கிவிடுமாறு தணிக்கையாளர் பணித்தனர். வெறும் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிய எழுத்தைக் கண்டு அதிகாரம் அஞ்சியது சிந்திக்கத்தக்கது.

போர் முடிந்தபின், 1947இல் துப்பறியும் கதை எழுத்தாளருக்கென ஒரு கழகம் அமைந்தது. அதன் முதற் றலைவர் றம்போவே. 1954இல் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அறுபதாண்டு நிறைவைப் பெரும் பேறாகக் கொண்டாடுவது யப்பானியர் மரபு. அவ்விழாவிலே வாழ்த்தைப் பெற்றுக்கொண்டதோடு அவர் அமையவில்லை. பத்து இலட்சம் யென் பணத்தைக் கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். அந்நிதியிலிருந்து பிறந்ததே இப்பரிசு.

முதலிரண்டு ஆண்டுகளிலும் பரிசு நாவலுக்குச் செல்லவில்லை. 1955இல் துப்பறியும் புனைகதை பற்றிய அகராதி ஒன்றைத் தொகுத்த திறனாய்வாளர் நகாஜிமா கவதாரோவும், 1956இல் பிறநாட்டுத் துப்பறியும் நாவல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டு வந்த ஹயகாவா பதிப்பகமும் அதனைப் பெற்றனர். 1957இல் முறை மாறிற்று. அச்சேறாத நாவலின் கையெழுத்துப் படியை எவரும் அனுப்பலாம். சிறந்ததற்குப் பரிசு என்றாயிற்று. பெயர் பெற்றவருக்குச் சூட்டும் மாலையாக இராது, பெயர் அறியாதவருக்குத் திறக்கும் கதவாகப் பரிசு மாறியது.

அக்கதவின் வழியே முதலில் வந்தவர் நிக்கி எத்சுகோ என்னும் புனைபெயருடைய பெண். 1928இற் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே முள்ளந்தண்டைத் தாக்கிய காசநோயால் நடக்கும் ஆற்றலை இழந்தார். பள்ளிக்கூடம் செல்லவில்லை, கல்வியை வீட்டிலே தமையனிடமே பெற்றார். இளமையிலேயே பெற்றோரையும், போரிலே ஓர் அண்ணனையும் இழந்தார். படுக்கையிலே கிடந்தபடியே முதலிற் சிறுவர் கதைகளும், பின்னர் ஒரு துப்பறியும் நாவலும் எழுதினார். ‘பூனைக்குத் தெரியும்’ என்று தமிழிற் சொல்லத்தக்க தலைப்பினையுடைய அந்நாவலிலே, மருத்துவமனையொன்றில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் அண்ணனும் தங்கையும் கொலையின் மருமத்தைத் துலக்குகின்றனர். தங்கைக்கு எழுத்தாளர் இட்ட பெயரும் எத்சுகோ என்பதே. எழுந்து நடக்க இயலாதவர், தம் பெயர் கொண்ட ஒருத்தியைத் தடயந் தேடி ஓடியாடச் செய்தார்.

நாவல் பெருந் தொகையாய் விற்பனையாயிற்று. அடுத்த ஆண்டிலே திரைப்படமும் ஆயிற்று. எத்சுகோ சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டார். படுக்கையை விட்டு எழுந்து சக்கர நாற்காலியிலே வெளியே செல்லும் நிலையை அடைந்தார். 1986இல் மறையும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார்.

றம்போ 1965இற் காலமானார், பரிசு நின்றுவிடவில்லை. தொழிற்சாலையொன்றிலே பொறியியலாளராக இருந்த ஹிகாஷினோ கெய்கோ, முன் முயற்சிகள் கைகூடாதபோதும் தளராது எழுதி, 1985இல் இதனைப் பெற்றார். மறு ஆண்டே வேலையைத் துறந்து எழுத்தைத் தொழிலாக்கிக்கொண்ட அவர், இன்று பல மொழிகளிற் படிக்கப்படுகிறார். நடுவர்கள் தரத்தைத் தளர்த்துவதுமில்லை. 2017இல் தகுதியான படைப்பு இல்லையென்று எவருக்கும் பரிசளிக்காது விட்டனர்.

துப்பறியும் கதைகள் யாவும் நல்லன என்று எவரும் வாதிடார். தீயனவும் பல. ஆனால் நல்லதைத் தேர்ந்து போற்றுதலே தீயதைக் குறைக்கும் வழியென றம்போ கண்டார். பாடப் புத்தகத்தினுள் மறைத்துவைத்த நூலைப் பறித்தெடுக்கும் பெரியவர், அதனைக் கிழித்தெறியுமுன் இரண்டொரு பக்கம் தாமும் படித்துப் பார்த்தல் நன்று. வீட்டுக்குள்ளே முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணின் அறிவை உலகு கண்டுகொண்டது, முன்பின் அறியாத சிலர் அவளது எழுத்தைப் பொறுமையுடன் படித்துப் பார்த்ததனாலன்றோ?