மருத்துவப் பணிக்கு வாயில்கள் பல
(நமது சங்க ஆண்டு விழாவின் மாணவர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நான் மருத்துவனும் அல்லேன், பேராசிரியனும் அல்லேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. ஆயினும் இப்பொருளைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், "நான் நர்ஸ் படிப்பில் சேர விரும்புகிறேன்" என்கிறாள். தந்தையார், "டாக்டருக்குப் படி, இடம் கிடைக்காவிட்டால் பாங்குப் பரீட்சை எழுது. இராத்திரி டியூட்டி பார்க்கும் வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம்" என்கிறார். இப்பேச்சு ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. நம் காலனியில் பல வீடுகளில் நிகழ்வது. ஆதலின் இருசாரார்க்கும் பொதுவாகச் சில கூற விழைகின்றேன்.

ஓர் இரயில் வண்டி ஓட்டுநர் ஒருவரால் மட்டும் ஊர் போய்ச் சேருவதில்லை. தண்டவாளம் காப்போர், சிக்னல் பேணுவோர், பெட்டிகளைச் சோதிப்போர் எனப் பலர் கண்விழித்திருப்பதாலேயே பயணி கண்ணுறங்குகிறான். மருத்துவமனையும் அத்தகையதே. டாக்டர் நோயை இன்னதென்று துணியுமுன் இரத்தத்தைச் சோதிப்பவர் ஒருவர். எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர். துணிந்தபின் மருந்து கொடுப்பவர் ஒருவர். இரவெல்லாம் நோயாளியின் மூச்சையும் நாடியையும் கவனிக்கும் செவிலியர் ஒருவர். எலும்பு முறிந்தவரை மீண்டும் நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர். இவர்களுள் எவர் தவறினும் உயிருக்கு இடையூறு நேரும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உள. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் சிறு மருந்தகமாகத் தம் பணியைத் தொடங்கினார். அங்கு மருத்துவப் பள்ளி ஏற்பட்டது 1918-இல். செவிலியர் பள்ளியோ 1909-லேயே ஏற்பட்டுவிட்டது. டாக்டர்களை உருவாக்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே அங்குச் செவிலியரை உருவாக்கத் தொடங்கினர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அவர்கள், வாத நோயால் விரல்கள் கோணிய பின்னரும் விடாது பயின்று கண் அறுவையில் வல்லவரானவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, பார்வையைச் சோதித்தல், நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்தல் முதலிய பணிகளை அவர்களிடம் ஒப்புவித்தது அம்மருத்துவமனை. அதனாலேயே அங்குள்ள டாக்டர்கள் தம் பொழுதை அறுவைக்கே செலவிட முடிந்தது. இலட்சக்கணக்கானோர் பார்வை பெற்றனர்.

நிற்க. இரவுப் பணியைப் பற்றி ஒரு சொல். இரவில் வேலை செய்வது குறைவென்றால், இந்த இரயில்வேக் காலனியில் தலைநிமிர்ந்து நடக்கத்தக்கவர் எத்தனை பேர்? பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலுறுவது நியாயமே. விடுதி எத்தகையது, போக்குவரத்து எவ்வாறு என்று நேரிற்சென்று விசாரியுங்கள். கவலையை விசாரணையாக்குங்கள்; தடையாக்க வேண்டாம்.

இனிப் படிப்புகளைப் பார்ப்போம். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன்மேல் ஓராண்டு பயிற்சி. நீட் தேர்வு இன்றியமையாதது. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டு. நர்சிங் டிப்ளமா மூன்று ஆண்டு. பார்மசி டிப்ளமா இரண்டு ஆண்டும், பின்னர் மருந்தகப் பயிற்சியும். உயிரியல் படியாது கணிதம் படித்தவரும் பார்மசியில் சேரலாம். ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, பிசியோதெரபி, கண் பரிசோதனை முதலிய துறைகளுக்கென 2021-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. நம் இரயில்வே மருத்துவமனைகளிலும் இப்பணிகளுக்குத் தேர்வு நடைபெறுகிறது. எதில் சேரினும், அக்கல்லூரிக்கு உரிய கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பணங்கட்டுமுன் அறிந்துகொள்ளுங்கள்.

மாணவர்களே! இவற்றுள் எது உங்களுக்குரியது? "இது எனக்கு ஏன் வேண்டும்?" என்று முதலில் உங்களையே கேளுங்கள். உறவினர் மகன் சேர்ந்தான் என்பதாலா? பிறர் மெச்சுவர் என்பதாலா? பொருளீட்டவா? பொருளை விரும்புவது குற்றமன்று. ஆனால் இரண்டாம் ஆண்டுப் பாடங்கள் மலைபோல் நிற்கும்போது பிறர் மெச்சுதல் கைகொடாது. ஒருநாள் முற்பகல் ஏதேனும் மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில் அமர்ந்து பாருங்கள். எவருடைய வேலையைக் கண்டு "இதை நானும் செய்வேனே" என்று மனம் எழுகிறதோ, அதுவே உங்கள் வாயில். இரத்தத்தைக் கண்டு அச்சம் வருமாயின் கலங்க வேண்டாம். பலருக்கு அது பழகப் பழகப் போய்விடும். நோயாளி ஒன்றையே மூன்றுமுறை கேட்கும்போது சினம் வருமாயின், அதையே ஆழ்ந்து ஆராய வேண்டும். பேச்சைவிட நுணுக்கமான கைவேலையை விரும்புவோர்க்கு ஆய்வுக்கூடம் பொருந்தலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஓர் இடரும் ஒரு நன்மையும் உண்டு. இடர், இருப்பிடச் சான்று. எந்த மாநில ஒதுக்கீட்டில் நம் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது விதிக்கு விதி மாறும். ஆதலின் பதினோராம் வகுப்பிலேயே விசாரித்து வையுங்கள். நன்மை, மொழி. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். நோயாளி தன் வலியைத் தன் மொழியிலேதான் சொல்ல அறிவான். அதைக் கேட்டறியும் செவி, வாய்த்தற்கரிய கருவியாகும்.

பெற்றோர்களே! டாக்டராகும் தகுதியும் ஆர்வமும் உள்ள பிள்ளையை ஊக்குங்கள். அவ்விடம் கிட்டாதபோது, "எல்லாம் போயிற்று" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேறொரு வாயிலை விரும்பி நிற்கும் பிள்ளையை வெட்கமுறச் செய்யாதீர்கள். நம்மிடையே மருத்துவமனைகளில் பணிபுரியும் சகோதர சகோதரிகளை அழைத்து, ஆண்டுக்கொருமுறை மாணவர்களோடு உரையாடச் செய்தல் நம் சங்கத்தின் கடமையெனக் கருதுகின்றேன். செயற்குழுவினர் இதனை ஏற்று ஆவன செய்வார்களாக.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!